பொண்ணுக்கல்

ஆறாவது கல்லில் நிற்கிறேன். நின்றுவிட்டேன் என்று சொல்வதுதான் சரி, ஏனென்றால் இது நிற்பதற்காகப் போட்ட கல் இல்லை, மிதித்துவிட்டுப் போவதற்காகப் போட்டது. இடது பாதம் முழுதாகப் பதிந்திருக்கிறது. வலது பாதம் அதை நெருக்கிக்கொண்டு, டவுன் பஸ் படியில் தொற்றி நிற்கிறவனுடைய கால்போல, பாதி கல்லிலும் பாதி காற்றிலும் இருக்கிறது. இடது கையில் செருப்பு. வலது கை எதற்கென்று தெரியாமல் விரிந்து நிற்கிறது. எனக்கு முன்னால் ஒரு எட்டுத் தூரத்தில் ஏழாவது கல். அக்கரையில் தளவாய் வீட்டுக்குப் போய் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றுதான் மனைவி ரஞ்சிதத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆனால் தென்காசியில் பஸ் ஏறியதிலிருந்து நினைத்துக்கொண்டு வந்ததெல்லாம் இந்தக் கல்லைத்தான். மொத்தம் பதின்மூன்று கற்கள். மூன்றாவது மட்டும் எருமை படுத்ததுபோல் அகலமானது, இரண்டு பேர் நின்று பேசலாம். ஏழாவதில் ஒற்றைக் காலுக்குமேல் இடமில்லை. பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது. அதன் முதுகில் ஒரு குழிவு. குழிவு என்றால் ஏதோ ஒரு குழிவு இல்லை, இடது பாதத்தின் குழிவு. கட்டைவிரல் இருக்கவேண்டிய இடம் வலப்பக்கம், குதிகாலுக்கு ஒரு சின்னக் கிண்ணம். அந்தக் குழிவுக்கு வெளியே பாசி பிடித்த சரிவு. குழிவு முதலில் இருந்ததால் இடது காலை வைத்தார்களா, இடது காலையே வைத்து வைத்துக் குழிவு விழுந்ததா? எத்தனை கால்கள், எத்தனை வருஷம்? இதைக் கேட்க இங்கே யாருமில்லை. தண்ணீர் மட்டும் கல்லுக்குக் கல் வேறு வேறு சத்தத்தில் போகிறது.

இடது காலில் தொடங்கினால் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று இடது கால் வரும். ஏழில் குழிவு இடது பாதத்தை வாங்கிக்கொள்ளும். நான் வலது காலில் தொடங்கினேன். தெரிந்தே தொடங்கினேன். கரையின் சிமெண்ட் படியில் நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, வலது காலை முதல் கல்லில் வைத்தேன். ஐம்பத்து நாலு வயது மனுஷன் செய்கிற காரியமா இது? தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வலது காலில் தொடங்கி விழாமல் அக்கரை போய்விட்டால், தளவாயின் மருமகள் மாரிச்செல்வி இங்கே விழுந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அப்படியே திரும்பி நாலரை பஸ்ஸைப் பிடிக்கலாம். விழுந்துவிட்டால் சம்பந்தம் உண்டு. எவ்வளவு நேர்மையான பரிசோதனை என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். இங்கே நிற்கும்போதுதான் தெரிகிறது, பரிசோதனை செய்கிறவன் எந்த முடிவை ஆசைப்படுகிறான் என்பதை அவன் கால் அறிந்திருக்கிறது. கால் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, என்ன அங்ஙனயே நிக்கிய?"

திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் செருப்புக் கை ஆடும். குரலை வைத்துப் பார்த்தால் மூன்றாவது கல்லில் நிற்கிறாள். தூக்குவாளி கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"பால ஊத்திட்டு வாரேன். நீங்க நவுந்தாத்தான நான் போக முடியும்?"

"ஒரு நிமிஷம்மா" என்றேன்.

"மாத்தி வச்சு ஏறிட்டீயளோ? வலது காலா?"

"ஆமா."

"அப்பமே நெனச்சேன். பாட்டக் கேட்டுட்டு வந்த ஆளா? வாரவன் பூரா இப்படித்தான் ஆறாங்கல்லுல வந்து கொக்கு மாதிரி நிக்கான். இந்த வயசுலயுமா அண்ணாச்சி?"

சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், சிரித்தால் உடம்பு குலுங்கும் என்று அடக்கினேன். பாட்டைக் கேட்டுவிட்டு வந்த ஆள் இல்லை, அம்மா. பாட்டை எழுதிவிட்டு வந்த ஆள். இருபத்தெட்டு வருஷம் கழித்து முதல் தடவையாக இந்தக் கற்களில் கால் வைக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

நான் பாட்டெழுதுகிறவன் இல்லை. மின்வாரியத்தில் இருக்கிறேன். அப்போது கணக்கெடுப்பாளனாக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலை. இந்த உள்ளாற்றின் இக்கரை எங்கள் செக்‌ஷன், அக்கரை வேறு செக்‌ஷன். அதனால் இந்தத் துறை வரைக்கும் வருவேன், தாண்டியதில்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்க இறங்கியபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த சண்முகக்கனி என்கிற பெண் பாடிக்கொண்டிருந்தாள். ஆள் வருவதைப் பார்த்து நிறுத்தாமல் இன்னும் சத்தமாகப் பாடினாள், அப்படிப்பட்டவள். 'வலது காலு பொண்ணுக்கல்லு, இடது காலு மொதக்கல்லு, ஏழாங்கல்லு தாண்டுமட்டும் எங்கிட்டும் பாக்காத.' பொண்ணுக்கல் என்றால் என்ன என்று கேட்டேன். ஈரக்காலைத் தூக்கிக் கரையோரம் கிடந்த ஒரு சின்னக் கல்லைக் காட்டினாள். சட்டியைக் கவிழ்த்தாற்போல் இருந்தது. "கல்யாணப் பொண்ணு வலது கால எடுத்து வச்சுத்தான வரணும்? இந்தத் தொறையில எடது கால வச்சாத்தான ஒப்பேறும்? அதுக்குத்தான் இந்தக் கல்லு. வலது கால இதுல வச்சிட்டா சாஸ்திரம் முடிஞ்சு போச்சு. பெறகு எடது கால மொதக் கல்லுல வச்சுக் கிளம்பிரலாம். பொண்ணு தவிர வேற ஆள் இத மிதிக்க மாட்டாவ." யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். "எவளாவது விழுந்தவளாத்தான் இருக்கும்" என்றாள். எவ்வளவு நல்ல பதில் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. மீட்டர் கார்டின் பின்பக்கத்தில் பாட்டை எழுதிக்கொண்டேன். ஒரு வருஷம் கழித்து, சென்னையில் உதவி இயக்குநராக இருந்த நண்பன், உன்னிடம் ஆறு, கல் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். இசையமைப்பாளர் மெட்டைப் போட்டுக் காட்டினார். மெட்டில் பொண்ணுக்கல்லுக்கு இடமில்லை. நாலு சொல் உட்காரவேண்டிய இடத்தில் இரண்டுதான் உட்காரும். ஏர்கண்டிஷன் அறை, எனக்குக் குளிர்ந்தது, எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'வலது காலை வச்சு வாடி வாசமல்லி, வழுக்காது மொதக்கல்லு' என்றேன். அவர் தொடையில் தட்டினார். பொண்ணுக்கல்லை எடுத்துவிட்டு, அதன்மேல் வைக்கவேண்டிய வலது காலை நேராக முதல் கல்லில் வைத்துவிட்டேன். வழுக்காது என்ற உத்தரவாதமும் நானே சேர்த்தது. அந்த மோனைக்காக அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. டவுன் பஸ்களில், கல்யாண மண்டபங்களில், பள்ளி ஆண்டு விழாக்களில். இப்போது திரும்பவும் செல்போன்களில். ஏன் ஓடியது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆற்றின் கற்களைப் பற்றிய பாட்டு ஜனங்களுக்குப் பிடிக்காமல் போனதே இல்லை. கல் ஒரு தாளம், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர் தாளம் விட்ட இடம். பாடும்போதே கால் எட்டிவைக்கிறது. அக்கரையில் எப்போதும் யாரோ காத்திருக்கிறார்கள். நடுக்கல்லில் பெண்ணுக்குக் கால் சறுக்கும், ஒரு கை வந்து பிடிக்கும், அதுதான் பாட்டு. நான் கேட்ட எந்த ஆற்றுப் பாட்டிலும் சறுக்கியவளுக்கு மணிக்கட்டு உடைந்ததில்லை. பாட்டில் சறுக்குவது காதல். மாரிச்செல்வி சறுக்கியது வைகாசியில், கல்யாணத்தன்று மத்தியானம், தாலி கட்டிய மூன்று மணி நேரத்தில். அவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், கரிசல்காட்டுக்காரி. ஆறு தாண்டியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மேலே ட்ரோன், கரையில் ஒலிபெருக்கியில் என் பாட்டு, தளவாயின் மகன் ஒரு கல் முன்னால் நின்று கையை நீட்டுகிறான். ஆபீசில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே செல்போனில் காட்டினான், "சார், உங்க பாட்டுதானே?" என்று. முப்பத்தேழு வினாடி. வீட்டில் போய் நாற்பது தடவை பார்த்தேன், நிறுத்தி நிறுத்தி. வலது கால், முதல் கல். வலது, மூன்று. வலது, ஐந்து. பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, பாடிக்கொண்டே வருகிறாள். என் வரியை. ஏழில் வலது கால் குழிவின் விளிம்பில் பட்டு வெளியே சரிகிறது. அவள் முகத்தில் பயம் வரவில்லை. ஆச்சரியம்தான் வருகிறது. வழுக்காது என்று சொன்னார்களே என்கிற ஆச்சரியம். அதை நானாகச் சேர்த்துக்கொள்கிறேனோ என்னவோ.

"அண்ணாச்சி, தூங்கிட்டீயளா?"

"இல்லம்மா."

"இப்ப எடது காலு மேல இருக்கா, வலது காலா?"

"ரெண்டும்."

"ரெண்டும்னா நல்லதாப் போச்சு. பேசாம எடது கால எடுத்து ஏழாங்கல்லுல வைங்க, பள்ளத்துல கரெக்டா உக்காந்துக்கிடும். வலது கால வச்சிராதீய. நம்ம தளவாய் அண்ணன் வீட்டு மருமவ மாதிரி ஆயிரும்."

தண்ணீர்ச் சத்தம் ஒரு கணம் விலகி நின்றதுபோல இருந்தது. "அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"எங்க இருக்கு? பத்தாம் நாளே அப்பன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். கட்டுப் போட்ட கையோட போச்சு, பாவம். எங்க தெருதான அண்ணாச்சி, பாத்துக்கிட்டுத்தான நின்னேன். நல்ல பிள்ள, சிரிச்ச முகம். மாமியாக்காரி விட்டாத்தான?"

"விழுந்தது அபசகுனம்னா?"

"அது மட்டும்னா ரெண்டு நாள்ல மறந்திருப்பா. வேற ஒண்ணு சொன்னா. 'பாட்டுலயே பாடியிருக்கு, வலது கால வச்சா வழுக்காதுன்னு. இவளும் வலது காலத்தான வச்சா? ஊருக்கே வழுக்காத கல்லு இவளுக்கு வழுக்குதுன்னா, இவ காலுதான் சரியில்ல.' அப்படின்னுட்டா. மூணு மாசமாச்சு. பையன் வாயத் தொறக்க மாட்டேங்கான். வார வெள்ளிக்கிழம பெரியாளுக கூடிப் பேசி கல்யாணத்த அத்து விடப் போறாவளாம்."

இவள் காலுதான் சரியில்லை. எனக்கு இது தெரியாது. அபசகுனம் என்று பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதன் நடுவில் என் வரி சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. வழுக்காது மொதக்கல்லு. முதல் கல்லைத்தானே வழுக்காது என்றேன், ஏழாவது கல்லைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லையே என்று மனசு உடனே ஒரு வக்கீலைப்போல எழுந்து நிற்கிறது. எவ்வளவு வேகமாக எழுகிறது! அடுத்து சிமெண்ட் படியைக் காட்டுகிறது. இறங்கும்போதே கவனித்தேன், பொண்ணுக்கல் கிடந்த இடத்தில் இப்போது நாலு படி, அதில் ஒரு பெயர்ப்பலகை. பார்த்ததும் எனக்குள் ஏதோ தளர்ந்தது. கல்லை மூடியவர்கள் அல்லவா குற்றவாளிகள்? கல் இருந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள், இதை மிதித்துவிட்டுப் போம்மா என்று.

"இந்தக் கரையில பொண்ணுக்கல்னு ஒண்ணு இருந்துதே?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குரலில் சிரிப்பு போயிருந்தது. "நான் அதுல கால் வச்சுத்தான் வந்தேன். படி கெட்டும்போது மூடிட்டானுவ. எம்மவன்தான் கொத்தன். ஏல, பொண்ணுக்கல்ல மூடிட்டியேன்னு கேட்டேன். 'பாட்டுல எங்க இருக்கு பொண்ணுக்கல்லு? நீயா ஒண்ணு சொல்லாத'ன்னான். அவனச் சொல்லிக் குத்தமில்ல. பொறந்ததுலருந்து அந்தப் பாட்டத்தான கேக்கான். எனக்கே ஒரு நேரம் சந்தேகமாப் போச்சு, நெசமாவே அப்படி ஒரு கல்லு இருந்துச்சான்னு."

ஆக சிமெண்டும் நான்தான். அது இவ்வளவு சுலபமாக வட்டமடித்து என்னிடமே வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஒரு விசித்திரமான ஆர்வம், யாரோ ஒருவனுடைய வழக்கைப் பார்ப்பதுபோல. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முப்பத்தேழு வினாடியை நாற்பது தடவை பார்த்ததில் எல்லாத் தடவையும் வருத்தத்தில் பார்க்கவில்லை. சில தடவை, அவள் உதட்டில் என் வரி அசைவதைப் பார்க்கப் பார்த்தேன். ஒரு பெண்ணை விழவைக்கிற அளவுக்கு என் பாட்டுக்குப் பலம் இருக்கிறது என்பதில் ஒரு சின்னப் பெருமை எனக்குள் வெல்லக்கட்டிபோல் கரைந்துகொண்டிருந்தது. ரஞ்சிதம் அதைக் கண்டுபிடித்திருப்பாள். "அங்க போய் என்ன சொல்வீங்க? நான்தான் அந்தப் பாட்டை எழுதினவன்னா? மன்னிப்புக் கேக்கப் போறீங்களா, மாலை வாங்கப் போறீங்களா?" என்று காலையில் கேட்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன். சொல்வதற்கு இருப்பது ஒன்றுதான். பாட்டு என்னுடையது இல்லை. என்னுடையது அதிலிருக்கிற தப்பு மட்டும். சண்முகக்கனி பாடியதில் எல்லாக் காலும் சரியான கல்லில் இருந்தது. அவளை நான் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள், அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் கிடைத்துவிடுவாளோ என்ற பயம்தான். தளவாய் வீட்டு நடையில் நின்று இதைச் சொன்னால் நாளைக்கு ஊரெல்லாம் சொல்லும், ஒரே ஒரு பாட்டு எழுதினான், அதையும் ஒரு பொம்பளையிடம் எடுத்து, எடுத்ததையும் கோணலாக எழுதினான் என்று. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை.

ஏழாவது கல் அப்படியே இருக்கிறது. இடது காலை வைத்தால் குழிவு வாங்கிக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஏழு கல்லும் தாண்டி, காய்ந்த வேட்டியோடு, கௌரவமாகப் போய் நின்று பேசலாம். அவர்கள் நம்புவார்களா? பாட்டு எழுதியவர் சொல்கிறார் என்று காப்பி கொடுப்பார்கள். பெரிய மனுஷன் பெருந்தன்மையாக ஒரு பெண்ணுக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறார் என்று நினைப்பார்கள். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை சேரும். இந்தக் கற்களை முதலில் போட்டவன் யார் என்று திடீரென்று தோன்றுகிறது. பதின்மூன்றையும் உருட்டி வந்து, கையால் அசைத்துப் பார்த்து, அடியில் சல்லி வைத்து இறுக்கி உட்காரவைத்தவன். நனையாமல் போடுவதற்கு வழியே இல்லை. பின்னால் வருகிறவர்கள் நனையாமல் போக, அவன் நாள் பூராவும் தண்ணீரில் நின்றிருக்கிறான். நான் ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்தேன். எனக்குத் தெரிய வேண்டும். கண்ணால் பார்த்துத் தெரிந்தது போதாது. அந்தப் பெண்ணின் காலுக்குத் தெரிந்தது என் காலுக்கும் தெரிய வேண்டும்.

"அண்ணாச்சி, எடது காலு" என்றாள்.

வலது காலை வைத்தேன்.

உள்ளங்கால் குழிவின் விளிம்பைத் தொட்டது. கட்டைவிரல் தேடிய இடத்தில் கல் இல்லை, பாசி இருந்தது. பாதம் தானாக, யாரோ மெதுவாகத் திருப்பிவிட்டதுபோல, வெளிப்பக்கம் சரிந்தது. இவ்வளவு மெதுவாகவா இது நடக்கும் என்று நினைக்க எனக்கு நேரமிருந்தது. பிடித்துக்கொள்ளத்தான் நேரமில்லை. செருப்பு பறந்தது. வானம், ட்ரோன் இல்லாத வானம். பிறகு முழங்கை கல்லில் இடித்தது, தண்ணீர் காதுக்குள் புகுந்தது. கல்லுக்கு யாரையும் தெரியாது, அதன் குழிவுக்கு இடது கால்தான் பொருந்தும், அதில் சரியான கால், சரியில்லாத கால் என்று எதுவுமில்லை. எழுந்து நின்றேன். தண்ணீர் முழங்காலுக்குத்தான் வந்தது. இவ்வளவுதானா ஆறு?

"யய்யா! கையி காலு அசையுதா? பாருங்க மொதல்ல!" அவள் மூன்றாவது கல்லில் தூக்குவாளியை வைத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த கல்லுக்கு வந்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும், நெற்றியில் திருநீறு. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், எடது காலுன்னு. வேணும்னே வலது கால வைக்கீய! கிறுக்காட்டு!"

"வேணும்னுதாம்மா வச்சேன்" என்றேன். முழங்கையில் தோல் வழன்று எரிந்தது. "அந்தப் பாட்டை எழுதினது நான்தான். பொண்ணுக்கல்லைப் பாட்டுலேருந்து எடுத்ததும் நான்தான். சண்முகக்கனி பாடினப்ப இருந்தது."

அவள் என்னையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கனியக்காட்டயா கேட்டிய?" என்றாள் மெதுவாக. திரும்பிப் போய் வாளியை எடுத்துக்கொண்டு, நாலு, ஐந்து, ஆறு என்று மிதித்து, ஏழில் இடது காலை வைத்து, நின்றுகூடப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனாள். நான் கல்லில் ஏறவில்லை. தண்ணீரிலேயே, எட்டு, ஒன்பது, பத்து என்று ஒவ்வொரு கல்லையும் கையால் தொட்டுக்கொண்டே நடந்தேன். எதுவும் அசையவில்லை. அவ்வளவு இறுக்கமாக உட்காரவைத்திருந்தான், கல்லைப் போட்டவன்.

அக்கரையில் ஏறியதும் வேட்டி நுனியைச் சேர்த்துப் பிழியக் குனிந்தேன். மேட்டில் நின்றுகொண்டிருந்தவள், வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தெருவைப் பார்த்தாள்.

"பிழியாதீய. ஈரத்தோடயே வாங்க" என்றாள். "அப்பத்தான் நம்புவாவ."